மறைதலும் வஞ்சித்தலும்: கணவாயினத்தை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

தோற்றத்துக்கும் உண்மைக்கும் இடையிலான முரண் தமிழரின் அறச்சிந்தனையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்த பிரச்சினைகளுள் ஒன்றாகும். ஒருவன் எவ்வாறு தோன்றுகிறானோ அவ்வாறே இருத்தலும் வேண்டும் என்பது வாய்மை பற்றிய கருத்தின் அடிநாதம். திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், மனத்தை அடக்கும் வலிமையின்றித் தவக்கோலம் பூண்டவனைப் புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசுவுக்கு ஒப்பிடுகிறார். அதனை அடுத்துவரும் குறளில், தவவேடத்துள் ஒளிந்து தீயன செய்பவனைப் புதரில் மறைந்திருந்து பறவைகளைப் பிடிக்கும் வேட்டுவனுக்கு ஒப்பிடுகிறார்.

இவ்விரு உவமைகளையும் கூர்ந்து நோக்கின் ஓர் ஐயம் எழும். வள்ளுவரின் கண்டனம் போலித் துறவியின் மேலது. புதரில் மறைந்த வேட்டுவன் உவமையாக வந்தானேயன்றி, மறைந்திருந்தான் என்பதற்காக அவன் அங்கு விசாரிக்கப்படவில்லை. அவ்வாறாயின் மறைதல் தன்னளவில் குற்றமா? மறைதல் எந்த இடத்தில் வஞ்சகமாகிறது? பேசத் தெரியாத உயிரொன்று தன் உருவை மாற்றிப் பிறிதோர் உயிரை ஏமாற்றுமாயின் அதனைப் பொய் என்று கூறலாமா? இவ்வினாக்களுக்கு விடைதேட முற்படுவோருக்கு மறைதலையே வாழ்வாகக் கொண்ட ஓர் உயிரினம் இலங்கையின் மேற்குக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. அதுவே கணவாயினம்.

புத்தளம் மாவட்டத்தில், சிலாபம் நகருக்குக் கிழக்கே சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது முன்னேஸ்வரம். ஈழத்தின் தொன்மையான சிவத்தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இத்தலம், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவோடு மீண்டும் எழுந்தது. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடும் இடம் என்பது இதன் சிறப்பு. இத்தலத்தை அடுத்த கரையோரம் மீன்பிடித் தொழிலால் வாழ்வது. தெற்கே சிலாபமும் வடக்கே உடப்பு, கற்பிட்டி முதலிய ஊர்களும் கடலையே நம்பியிருப்பவை. இக்கரையின் மீன்வாடிகளில் அறுக்குளா, பாரை, சூடை, இறால் ஆகியவற்றோடு கணவாயும் வந்து குவிகிறது.

கணவாய் என்னும் ஒரு சொல்லால் தமிழ்மீனவர் மூவகை உயிர்களைச் சுட்டுவர். உடலின் உள்ளே வெண்ணிறமான சுண்ணாம்பு ஓடு உடையது ஓட்டுக்கணவாய். சித்த மருத்துவர் கடல்நுரை எனக் கொள்வது இவ்வோட்டினையே. மெல்லிய ஊசி போன்ற தகட்டினை உள்ளே கொண்டு நீண்ட உடலுடன் நீந்துவது ஊசிக்கணவாய். ஓடே இன்றி எட்டுக் கரங்களோடு பாறை இடுக்குகளில் வாழ்வது பேய்க்கணவாய். இறுதியாகக் கூறப்பட்ட பெயரே மனித மனத்தின் தீர்ப்பொன்றை உட்கொண்டிருக்கிறது. தோன்றி மறையும் இயல்பும் நிலையற்ற உருவும் உடையதைப் பேய் என்று அழைப்பது மக்கள் வழக்கு.

இவ்வுயிர்களின் நிறமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இவற்றின் தோலில் நிறப்பொருள் நிரம்பிய நுண்ணிய பைகள் இலட்சக்கணக்கில் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பையையும் சுற்றி ஆரைக்கம்பிகள் போலத் தசைநார்கள் அமைந்துள்ளன. தசை சுருங்கும்போது பை விரிந்து நிறம் வெளிப்படும். தசை தளரும்போது பை சுருங்கி ஒரு புள்ளியாகும். இத்தசைகளை மூளையிலிருந்து வரும் நரம்புகள் நேரே இயக்குவதால் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் உடல் முழுவதும் நிறம் மாறிவிடுகிறது. நிறப்பைகளுக்குக் கீழே ஒளியைத் தெறித்துப் பச்சை, நீலம் முதலிய மினுக்கங்களைத் தரும் கலங்களும், வெண்மையைத் தரும் கலங்களும் அடுக்காக உள்ளன. ஓட்டுக்கணவாயும் பேய்க்கணவாயும் தோலின் மேற்பரப்பைச் சிறு முகடுகளாக உயர்த்திப் பாசி படர்ந்த பாறை போலவும் தோற்றங் கொள்ளும்.

மணற்பரப்பில் கிடக்கும் ஓட்டுக்கணவாய் ஒருநிறமாய் விளங்கும். பரல்கள் நிறைந்த தரையில் புள்ளிகள் கொள்ளும். பெருங்கற்கள் கிடக்கும் இடத்தில் தன் உடலைக் கருமையும் வெண்மையுமான துண்டங்களாகப் பிரித்துக்காட்டி, ஓர் உடல் அங்கு உண்டு என்ற உணர்வையே பார்ப்பவர் கண்ணிலிருந்து அகற்றிவிடும். ஆய்வுகூடத்தில் சதுரங்கப் பலகை போன்ற தளத்தில் விடப்பட்டபோது அது தன் முதுகில் வெண்சதுரம் ஒன்றைத் தோற்றுவித்தது. இவற்றினும் வியப்புக்குரியது யாதெனில், இவ்வினத்துட் பெரும்பாலானவற்றின் கண்களில் ஒரேயொரு வகையான ஒளியுணர் நிறமியே உண்டு என்பதாகும். மனிதர் கருதும் பொருளில் இவை நிறக்குருடுகள். தான் பகுத்தறிய இயலாத நிறத்தைத் தன் உடலில் ஏற்கும் இவ்விந்தைக்கு விஞ்ஞானம் இன்னும் முடிந்த விடை காணவில்லை.

உருமாற்றம் மறைதலோடு நின்றுவிடுவதில்லை. பகை நெருங்கும்போது இவ்வுயிர்கள் கருமையைக் கக்கித் தப்பும் என்பது கரையோரச் சிறாரும் அறிந்த செய்தி. அம்மை சில வேளைகளில் சளிப்பொருளோடு கலந்து, கணவாயின் பருமனுக்கு ஒத்த கரிய உருவமாக நீரில் நின்றுவிடும். பகை அந்நிழலைப் பற்ற முனைகையில் உயிர் வெளிறிய நிறங்கொண்டு நழுவிவிடும். 1998 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் சுலாவெசிக் கடலில் கண்டறியப்பட்ட பேய்க்கணவாய் வகையொன்று தட்டைமீன், நஞ்சுச் சிறகுடைய சிங்கமீன், கடற்பாம்பு ஆகியவற்றின் தோற்றத்தையும் அசைவையும் பின்பற்றுவதாக ஆய்வாளர் விவரித்துள்ளனர். புலித்தோல் போர்த்த பசுவுக்கு இயற்கை தந்த எடுத்துக்காட்டு இதுவெனலாம்.

இவற்றையெல்லாம் கண்ட மனிதன் தன் அறச்சொற்களை இவ்வுயிர்கள்மீது ஏற்றுவதில் தயக்கங் காட்டியதில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், பேய்க்கணவாய் தன்னை அடுத்துள்ள கற்களின் நிறத்தைக் கொண்டு இரை பிடிப்பதைப் பதிவு செய்தார். அவரே, நீரில் தாழ்த்தப்பட்ட மனிதக் கையை நாடி வருவதால் அது அறிவற்ற உயிர் என்றும் எழுதினார். 1832 ஆம் ஆண்டில் கேப் வேர்ட் தீவுகளின் கரையில் இவ்வுயிரைக் கண்ட சாள்ஸ் டார்வின், தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதை அது நன்குணர்ந்தது போலவே பதுங்கியும் நிறம்மாறியும் நகர்ந்ததைக் குறித்துவைத்தார். ஒளிந்தால் சூழ்ச்சிக்காரன், அஞ்சாது நெருங்கினால் மூடன் என்றவாறு தீர்ப்புகள் அமைந்தன. இரு தீர்ப்புகளும் உயிரின் இயல்பைவிட அதனைப் பார்த்த மனிதனின் எதிர்பார்ப்பையே கூடுதலாகக் காட்டுகின்றன.

மறைதல், போலுதல், பொய்த்தல் என்னும் மூன்றையும் வேறுபடுத்திக் காணுதல் இவ்விடத்து இன்றியமையாதது. மறைதல் என்பது பிறர்க்குச் செய்தி எதனையும் தராதிருத்தல். மணலோடு மணலாய்க் கிடக்கும் கணவாய் எவர்க்கும் எதனையும் அறிவிக்கவில்லை. போலுதல் என்பது தவறான செய்தியொன்றைத் தருதல். கடற்பாம்பு போல அசையும் பேய்க்கணவாய் தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டுகிறது. பொய்த்தல் இவ்விரண்டினும் வேறானது. கூறுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையில் நம்பிக்கை என்னும் பிணைப்பு முன்னரே இருத்தலும், அப்பிணைப்பைக் கூறுவோன் அறிந்தே தன் நலத்துக்குப் பயன்படுத்தலும் சேர்ந்தால் மட்டுமே பொய் தோன்றும். போலித் துறவியின் குற்றம் இத்தகையது. தவக்கோலத்தைக் கண்டு கைகூப்பும் சமூகம் ஒன்று உண்டு. அக்கோலம் எதற்கு அடையாளம் என்பதை அவனும் அறிவான். எனவேதான் வள்ளுவர் அவனுடலிலுள்ள ஐம்பூதங்களும் அவனைக் கண்டு அகத்தே நகும் என்றார். பொய்யனுக்குள் ஒரு சாட்சி உண்டு என்பதே அதன் கருத்து.

கணவாய்க்கும் அதனை இரையாகக் கொள்ளும் சுறாவுக்கும் இடையில் அத்தகைய நம்பிக்கைப் பிணைப்பு யாதும் இல்லை. தன்னைக் கண்டுகொள்ள உதவுமாறு கணவாய் சுறாவுக்குக் கடமைப்பட்டதன்று. ஆதலின் அதன் மறைதலும் போலுதலும் வஞ்சகம் எனப்படா.

எனினும் ஒரே இனத்தின் உறுப்புகளுக்கிடையே நிகழும் சில செயல்கள் இம்முடிவைச் சற்றே அசைக்கின்றன. அவுஸ்திரேலியக் கடலில் வாழும் ஓட்டுக்கணவாய் வகையொன்றைப் பற்றி 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. ஆண் ஒன்று பெண்ணை நாடுகையில் மறுபுறம் எதிரியான ஆண் இருக்குமாயின், அது பெண்ணை நோக்கிய தன் உடற்பாதியில் ஆணுக்குரிய கோலத்தையும், எதிரியை நோக்கிய மறுபாதியில் பெண்ணுக்குரிய கோலத்தையும் ஒரே நேரத்தில் காட்டியது. எதிரியாக ஓர் ஆணும் அருகே ஒரு பெண்ணும் உள்ள சூழலிலேயே இவ்விரட்டைக்கோலம் காணப்பட்டது. ஆண்கோலமும் பெண்கோலமும் அவ்வினத்துக்குள் பொருளுடைய குறிகள். அக்குறிகளை நம்பியே ஏனைய கணவாய்கள் நடந்துகொள்கின்றன. ஆகவே இது பொய்க்கு மிக அணுகிய செயல் என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் பொய்க்கு அணுகியது பொய்யாகிவிடாது. தான் மீறும் விதியை விதியென அறிந்து, அதனை மீறாதிருக்கவும் கூடிய உயிரிடத்திலேயே குற்றம் தங்கும். கணவாய் சூழலை அறிந்து கோலத்தைத் தெரிகிறது. ஆனால் வாய்மை என்னும் நெறியொன்றை அது ஏற்றிருந்தது என்பதற்குச் சான்றில்லை. அறிவு உண்டு என்பதனால் அறப்பொறுப்பும் உண்டு என முடித்தல் பொருந்தாது. சைவ சித்தாந்தம் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது எனக் கூறிப் பளிங்கினை அதற்கு உவமையாக்கும். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைத் தானறியாது ஏற்கிறது. கணவாய் தேவைக்கேற்ப நிறத்தை ஆக்கிக்கொள்கிறது. மனிதனோ நிறத்தை ஆக்கிக்கொள்வதோடு, ஆக்கிக்கொண்டதற்கு விடையிறுக்கவும் கடமைப்பட்டவன். இம்மூன்று நிலைகளையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே விலங்கைக் கயவனென்றும், கயவனை விலங்கென்றும் கூறும் வழக்கு வளர்ந்தது.

இதுவரை கூறியவற்றால் கணவாய் குற்றச்சாட்டிலிருந்து விடுபடுகிறது. ஆனால் அதே வாதம் மற்றொரு திசையிலும் செல்லக்கூடும். கணவாயைப் பிடிக்கும் மனிதனும் ஏமாற்றியே பிடிக்கிறான். இறாலின் உருவில் செய்த பொய்யிரையைக் கயிற்றில் அசைத்து அதனை ஈர்க்கிறான். இரவில் விளக்கொளியைக் காட்டி வரவழைக்கிறான். மத்தியதரைக் கடலிலும் யப்பானிலும் மண்குடங்களைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கும் முறை பழமையானது. பேய்க்கணவாய் அக்குடத்தைப் பாதுகாப்பான உறைவிடம் என்று கருதித் தானே குடியேறும். குடம் மேலே இழுக்கப்படும்போதும் அது வெளியேறாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நம்பிக்கைப் பிணைப்பு இல்லாத இடத்தில் பொய் இல்லையாயின் மீனவனும் பொய்யனல்லன். அம்முடிவு சரியானதே. ஆயின், பிணைப்பில்லாத இடத்தில் கடமையும் இல்லை என்று இதிலிருந்து சிலர் மேலும் ஒரு முடிவுக்குச் செல்வர். இதுவே ஏற்கத்தகாதது. வாய்மைக் கடமை உரையாடலால் பிறப்பது. துன்புறுத்தாமைக் கடமையோ மற்றையது துன்பத்தை உணர வல்லது என்னும் ஒன்றினாலேயே பிறப்பது. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1789 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், விலங்குகளைப் பற்றிய வினா அவற்றால் சிந்திக்க இயலுமா, பேச இயலுமா என்பதன்று, துன்புற இயலுமா என்பதே என்று வாதிட்டார். கொல்லாமையை அறங்களுள் தலையாயதாக வைத்த தமிழ் மரபுக்கு இக்கருத்து புதியதன்று.

கணவாயால் துன்புற இயலுமா? தமிழில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த பழைய முயற்சி தொல்காப்பிய மரபியலில் காணப்படுகிறது. தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர். தொடுவுணர்வோடு சுவையும் உடைய நந்தும் முரளும் ஈரறிவுயிர் என அவ்வகுப்புத் தொடர்கிறது. நந்து நத்தை, சங்கு முதலியவற்றையும் முரள் சிப்பி வகையையும் குறிக்கும் என்பர். இக்கால விலங்கியலின்படி கணவாயினம் நத்தைக்கும் சிப்பிக்கும் உறவானது. மூன்றும் மெல்லுடலிகள் என்னும் ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. கிளைமுறையை மட்டும் நோக்குவோர் கணவாயை ஈரறிவுயிருள் வைத்துவிடுவர். அதன் இயல்பை நோக்குவோர்க்கோ அது இயலாது. அதன் கண் மனிதக் கண்ணைப் போலவே வில்லையும் விழித்திரையும் கொண்டது. பேய்க்கணவாயின் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 50 கோடி. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு கரங்களிலேயே அமைந்துள்ளன. இதயம் மூன்று, செம்பின் சேர்க்கையால் குருதி நீலம். மனிதனுக்கும் இதற்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சிற்றுயிர். அவ்வளவு தொலைவில் பிரிந்த கிளையில் அறிவு தனியே ஒருமுறை தோன்றி வளர்ந்திருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு வகுப்பிலும் அக்கிளையில் பிறவும் உள என்று கூறி இடம் விட்டுச் செல்கிறது. ஆறறிவுயிரைக் கூறுமிடத்திலும் அவ்விடம் திறந்தே உள்ளது. மரபின் இத்திறந்த வாயிலே புதிய அறிவுக்கு ஏற்ற இடமாகும்.

2021 ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் இவ்வறிவை உறுதிப்படுத்தின. ஓர் ஆய்வில், உடனே கிடைக்கும் எளிய இரையைத் தவிர்த்து, பின்னர் கிடைக்கும் விருப்பமான இரைக்காக ஓட்டுக்கணவாய்கள் இரண்டு நிமிடங்கள் வரையும் பொறுத்திருந்தன. மற்றையதில், பேய்க்கணவாய்க்கு எரிச்சலூட்டும் அமிலம் ஊசிவழி ஏற்றப்பட்டது. அது அத்துன்பத்தை அனுபவித்த அறையைப் பின்னர் தவிர்த்தது. வலிநீக்கி மருந்து தரப்பட்ட அறையை நாடியது. அமிலம் ஏறிய இடத்தைத் தன் அலகால் சுரண்டிக்கொண்டது. தன்னியக்கமான எதிர்வினை என்று மட்டும் கூறி இதனைக் கடந்துவிட முடியாது. துன்பம் நிகழ்ந்த இடத்தை நினைவில் வைத்து விலகும் உயிருக்கு அத்துன்பம் ஒரு பொருட்டாகவே இருந்திருத்தல் வேண்டும்.

சட்டங்களும் மெல்ல இவ்வழியில் வந்துகொண்டிருக்கின்றன. 2010 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை ஆய்வுகளில் பயன்படும் கணவாயினத்துக்குப் பாதுகாப்பளித்தது. 2022 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் அவற்றை உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வொஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் பேய்க்கணவாய்ப் பண்ணைகளைத் தடைசெய்தன. இந்தியாவின் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே வரையறுத்தது. இலங்கையில் 1907 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்டளைச்சட்டமோ வளர்ப்பு விலங்கு, பிடிபட்ட விலங்கு ஆகியவற்றோடு அடைபட்ட பறவை, மீன், ஊர்வன என்பவற்றைப் பெயர்சுட்டிற்று. மீனுமன்றி ஊர்வனவுமன்றி நிற்கும் கணவாயை அச்சொற்கள் பெயரிட்டு நினைவுகூரவில்லை.

இந்நிலையில் முன்னேஸ்வரத்தில் அண்மைக்காலத்தில் எழுந்த விவாதம் சிந்தனைக்குரியது. அங்குள்ள சிவாலயத்தை அடுத்து அமைந்த பத்திரகாளி கோயிலில் ஆண்டுத் திருவிழாவையொட்டி ஆடுகளையும் சேவல்களையும் நேர்த்தியாகப் பலியிடும் வழக்கம் இருந்தது. 2011 செப்டெம்பரில் அரசாங்க அமைச்சர் ஒருவர் நேரில் தலையிட்டதால் பலி தடைப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இவ்விடயம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2018 செப்டெம்பரில் இந்துக் கோயில்களில் விலங்கு, பறவைப் பலியைத் தடைசெய்யும் சட்டவரைவுக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. கொல்லாமையை முன்வைத்துப் பலியை எதிர்த்தோர் ஒரு பக்கம் நின்றனர். ஊன்கடைகளில் நாள்தோறும் நிகழும் கொலையைப் பொறுத்துக்கொண்டு வழிபாட்டில் நிகழ்வதை மட்டும் தடுப்பது நீதியா என்று கேட்டோர் மறுபக்கம் நின்றனர். இவ்விவாதம் தமிழுலகுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) உயிர்ப்பலியை வன்மையாகக் கண்டித்தார். தமிழகத்தில் 1950 ஆம் ஆண்டில் பலித்தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது கிராமத் தெய்வ வழிபாட்டினரிடையே எதிர்ப்பு எழுந்தது. 2004 ஆம் ஆண்டில் அச்சட்டமே நீக்கப்பட்டது.

இரு சாராரின் கூற்றிலும் உண்மையுண்டு. பலிபீடத்தில் நிற்கும் ஆட்டின் துன்பம் மெய்யானது. வழிபாட்டின் பெயரால் அது குறைந்துவிடுவதில்லை. அதேவேளை, பலியை எதிர்ப்போரின் கருணை எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிகிறது என்னும் வினாவும் மெய்யானது. ஆடு கதறும். அதன் குருதி சிவப்பு. அதன் கண்ணில் அச்சம் தெரியும். மனிதன் தன் துன்பத்தின் அடையாளங்களை அதனிடம் காண்கிறான். முன்னேஸ்வரத்துக்கு அண்மையிலுள்ள கரையில் வள்ளத்தின் அடியில் குவிந்து, மூச்சிழந்து மெல்ல இறக்கும் கணவாய்க்குக் குரல் இல்லை. அதன் குருதி நீலமாதலின் குருதியென்றே தோன்றாது. இறக்கும் வேளையிலும் அதன் தோலில் நிறங்கள் அலையலையாய் ஓடுவதைக் காண்போர் அதனை ஓர் அழகிய காட்சியாகவே கொள்கின்றனர். கோயில் வாயிலில் பலியை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள் எவரேனும் அன்றிரவு கணவாய்க்கறி உண்டிருப்பின், அவரைக் கபடவேடதாரி என்று கூறுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. அவர் பொய் கூறவில்லை. அவருடைய கருணை, தன்னை ஒத்த முகத்தை மட்டும் அடையாளங் காணப் பழகியிருந்தது.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் எழக்கூடும். முதலாவது, கடலில் ஒன்றையொன்று உண்டே உயிர்கள் வாழ்கின்றன; கணவாயே நண்டையும் இறாலையும் கொன்று தின்பது; மனிதனுக்கு மட்டும் ஏன் இந்நெறி என்பதாகும். இதற்கு விடை மேலே கூறப்பட்ட வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. நெறியை அறியாமை காரணமாகவே கணவாய் வஞ்சகக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அவ்விடுதலையை நெறியறிந்த மனிதன் தனக்கும் கேட்டல் இயலாது.

இரண்டாவது, பிறிதோர் உயிரின் உள்ளத்தை எவரால் அறிய முடியும் என்னும் ஐயவாதம். பிற மனிதரின் வலியைக்கூட எவரும் நேரே அறிவதில்லை. முகக்குறி, சொல், செயல் என்பவற்றால் உய்த்துணர்தலே உலக வழக்கு. அவ்வாறிருக்க, கணவாயிடத்து மட்டும் ஐயமற்ற உறுதியைக் கோருவது, கோருபவனுக்கு வசதியானதோர் அளவுகோலாகவே அமையும். ஐயமுள்ள இடத்தில் தவறினால் யாருக்கு எவ்வளவு கேடு என்பதை நோக்கி நடத்தலே விவேகம். இல்லாத வலியைக் கருதிச் சற்றுக் கவனம் கொள்வதால் மனிதன் இழப்பது சிறிது. உள்ள வலியை இல்லையெனக் கொண்டால் அவ்வுயிர் அடைவதோ பெருந்துன்பம்.

மூன்றாவது வாதமே மிக்க கனமுடையது. கணவாய் கரையோரக் குடும்பங்களின் சோறு. ஏற்றுமதிச் சந்தையில் அதற்குக் கிடைக்கும் விலையை நம்பிக் கடன்பட்டு வலையும் இயந்திரமும் வாங்கியோர் பலர். வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு அறம் கூறுவது எளிது. அத்தகைய அறவுரை பெரும்பாலும் வர்க்க நலனின் மறுவடிவமாகவே அமைவது. உடப்பிலோ சிலாபத்திலோ அதிகாலையில் வள்ளம் தள்ளும் தொழிலாளியின்மேல் இக்கடமையின் முழுப்பாரத்தையும் சுமத்துவது அநீதி. உண்பவன், வாங்குபவன், ஏற்றுமதி செய்பவன், சட்டம் இயற்றுபவன், ஆய்வு செய்பவன் ஆகிய அனைவரும் அப்பாரத்தைப் பகிர வேண்டியவர்கள். பிரித்தானியச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த 2021 ஆம் ஆண்டு அறிக்கையே, கணவாயினத்தைப் பெருந்தொகையில் துன்பமின்றிக் கொல்லுதற்கு ஏற்றதும் வாணிபத்துக்கு இயைந்ததுமான முறை அந்நாள்வரை கண்டறியப்படவில்லை என்று கூறியது. அத்தகைய முறையைக் கண்டறிவது மீனவனின் கடமையன்று. பல்கலைக்கழகங்களினதும் அரசினதும் கடமையாகும். பண்ணையில் அடைத்து வளர்ப்பதோ முற்றிலும் வேறான பிரச்சினை. தனித்து வாழும் இயல்பும் அலைந்தறியும் ஆர்வமும் உடைய பேய்க்கணவாயைத் தொட்டிகளில் நெருக்கி வளர்ப்பதற்குப் பசி என்னும் நியாயமும் கிடையாது. இலங்கைக் கரைகளில் அத்தொழில் வேரூன்றுவதற்கு முன்னரே அதனை வேண்டாமென முடிவுசெய்தல் எவர் சோற்றையும் பறிக்காது.

ஆக, ஒரே வினாவாகத் தொடங்கியது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மறைதல் குற்றமா என்பது முதலாவது. கணவாயிடத்து அது குற்றமன்று; நம்பிக்கையும் நெறியறிவும் உள்ள மனிதனிடத்தே அது வஞ்சகமாக மாறும். மறைந்திருக்கும் துன்பத்துக்குக் கடமை உண்டா என்பது இரண்டாவது. அக்கடமை துன்பம் வெளிப்படுகிறதா என்பதைப் பொறுத்ததன்று. கணவாய் தன் உடலைச் சுறாவின் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்கிறது. தன் வலியை மனிதனிடமிருந்து மறைக்க அது ஒருபோதும் முயன்றதில்லை. துன்புற்ற இடத்தை விட்டு விலகியும், காயத்தைச் சுரண்டியும், தன்னால் இயன்ற மொழியில் அதனைத் தெரிவித்தே வந்திருக்கிறது. அம்மொழி இதுவரை படிக்கப்படவில்லை.

பத்திரகாளியின் சந்நிதியில் ஆட்டுக்காக எழுந்த குரல் பிழையானதன்று. அது பாதிவழியில் நின்றுவிட்டது. அக்குரலை அங்கிருந்து கடற்கரை மட்டும் கொண்டுசெல்வது, உண்மையில் கொல்லாமையைப் போற்றுவோர் தம் சொல்லுக்குத் தாமே செலுத்த வேண்டிய கடனாகும்.